மூச்சளவு எழுதித் தந்தவர்களுக்கு நன்றி

தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், கந்தளாய் வயற்புறங்களில் தொய்வோடு (ஆஸ்துமாவோடு) வேலை செய்பவர்களுக்குத் துணை நின்ற எல்லோருக்கும் இந்த மடல்.

முதல் நன்றி, மூச்சளவு மானியை (ஊதும் மூச்சின் வேகத்தை அளக்கும் சிறு கருவியை) ஊதி எழுதிய கமக்காரர்களுக்கே. காலையில் எழும்பியதும், மத்தியானம், வேலை முடிந்ததும், படுக்க முன்னும் என நாளுக்கு 4 தரம். ஒவ்வொரு தரமும் எழுந்து நின்று, மூச்சை நிறைய இழுத்து, உதட்டை இறுக்கி, முடிந்தளவு பலமாகவும் வேகமாகவும் 3 முறை ஊதி, கூடிய எண்ணை மட்டும் எழுத வேண்டும். அதுவும் 4 கிழமைக்கு. நெல் வெட்டுக் காலத்தில் இது லேசான காரியம் இல்லை. வேலைக்குப் போகாத நாட்களிலும் விடாமல் எழுதினீர்களே, அதுதான் பெரிய உதவி. வீட்டில் நின்ற நாளில் எண் ஏறி, களத்துக்குப் போன நாளில் இறங்கினால்தான் இது தொழிலால் வரும் மூச்சுமுட்டு என்று வைத்தியர் துணிந்து சொல்லலாம்.

பலருக்குக் களத்தில் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. 4 தொடக்கம் 8 மணித்தியாலம் கழித்து, இரவில் இழுக்கும். அதனால்தான் பழி பனிக்கும் தலைமுழுக்குக்கும் போகிறது, நெல்தூசி தப்பிவிடுகிறது. இடையில் மூச்சுப் பம்பு (இன்ஹேலர்) அடித்த நேரத்தையும் குறித்தவர்களுக்குத் தனி நன்றி. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் ஏறிய எண் மருந்தாலா, ஓய்வாலா என்று பிரிக்க முடியாது.

கச்சான் காற்றில் சிறுபோகம் வெட்டும்போது, வைக்கல் அள்ளுபவர்களைத் தூசி போகும் பக்கம் நிற்க விடாத மெசின் சாரதிகளுக்கும் நன்றி. நெல்லை 14 வீத ஈரத்துக்குக் கீழே காயவிட்டு மூட்டை கட்டியவர்களுக்கும்தான். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சணம் பிடித்து, மூட்டை அவிழ்ப்பவரின் நெஞ்சுக்குள் போகும்.

என்95 முகக்கவசம் எடுத்துத் தந்த கடைக்காரர்களே, வாங்குபவருக்கு இரண்டு விசயம் சொல்லிவிடுங்கள்: தாடி இருந்தால் ஓரத்தால் தூசி புகும், பூச்சிமருந்தின் ஆவியை அது மறிக்காது. சில பூச்சிமருந்துகள் சுவாசக் குழாயை நேரடியாகவே சுருக்கும். தொய்வுள்ளவரை மருந்தடிக்க விடாமல் அந்த வேலையைத் தாங்கள் ஏற்ற குடும்பங்கள் எந்தக் கவசத்தையும் விடப் பெரிய காவல்.

தாதியருக்கு எப்படி நன்றி சொல்வது! குலுக்கு, ஒரு அடி, ஆழ இழு, 10 செக்கன் பிடி, பிறகு அடுத்த அடி என்று சலிக்காமல் பழக்கினார்கள். முட்டு வராமல் தடுக்கும் ஸ்டீரொயிட் பம்புக்குப் பிறகு வாய் கொப்பளிக்க வைத்தார்கள். முட்டு இல்லாத நாளிலும் அந்தப் பம்பை எடுக்க வேண்டும்; வெட்டு முடிந்ததும் பலர் நிறுத்திவிடுவதுதான் எங்களுக்கு இன்னும் கவலை. ஒரு வசனத்தை முழுதாய்ச் சொல்ல முடியாமல் இழுத்தால் விடியும் வரை பார்த்திருக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

பெரும்போக வெட்டுக்கு முன் வரும்போது, கிளினிக் கொப்பியோடு அந்த எண் எழுதிய கொப்பியையும் கொண்டு வாருங்கள்.

நன்றியுடன்,
சுவாசநோய்ச் சிகிச்சைப் பணியாளர்கள்,
திருகோணமலை