காதல் கதை எழுதுகிறவர்களுக்கு, வன்னியிலிருந்து

தமிழில் காதல் நாவல் எழுதுகிறவர்களுக்கும், இதிகாசப் பெண்களின் கதைகளைத் திரும்ப எழுதுகிறவர்களுக்கும், அவற்றைப் பதிப்பிக்கிறவர்களுக்கும்,

வணக்கம். நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். காதல் நாவல்களை விடாமல் வாசிப்பவள், அவற்றை மட்டமாகப் பேசுகிறவர்களோடு சண்டை பிடிப்பவளும்கூட. ரமணிசந்திரன் நாவல்கள் அட்டை கழன்று, முதல் பக்கங்கள் போன பிறகும் இங்கே தையல் கடையிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து அடுத்த வளவுக்கும் போய் வந்துகொண்டிருந்தன. இப்போது அதே பெண்கள் போனில் தொடர் வாசிக்கிறார்கள். பிள்ளைகள் படுத்த பிறகு, தனக்கென்று கிடைக்கிற அரை மணித்தியாலத்தில். அந்த அரை மணித்தியாலத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் 'ஆன்டி ஹீரோ' கதைகள். போனில் வரும் தொடர்களில் இவைதான் எங்கே பார்த்தாலும் கிடக்கின்றன. நாயகன் யாரையோ பழிவாங்க நினைத்து நாயகிக்குக் கட்டாயத் தாலி கட்டுகிறான். அறைகிறான், அறையில் பூட்டி வைக்கிறான். அவள் வேண்டாம் என்று அழுத இரவை எழுதியவர் 'அவனுடைய காதலின் வேகம்' என்கிறார். அப்புறம் அவனுடைய சிறுவயதுத் துயரம் ஒன்று வருகிறது. நாயகி உருகுகிறாள், மன்னிக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் இரட்டைப் பிள்ளைகள்.

இதை வாசிக்கிறவர்கள் யார் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். போரின் கடைசி வருடங்களில், புலிகள் இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில், பெண்பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டி வைத்த வீடுகள் வன்னியில் நிறைய. பதினாறு, பதினேழு வயதில், முகம்கூடச் சரியாகப் பார்த்திராத ஒருவனோடு. பெற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தப் பிள்ளைகளிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. இன்று அவர்களுக்கு 30 வயது தாண்டிவிட்டது. பலருக்கு அந்தப் புருஷனும் இல்லை. அவர்களுடைய கையில் இருக்கிற போனில்தான் கட்டாயத் தாலி காதலாக மாறிய கதையை நீங்கள் அத்தியாயம் அத்தியாயமாக ஏற்றுகிறீர்கள். கேட்காமல் கட்டிய தாலி எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் வாசிக்கிறார்கள் என்றால், நடந்தது எப்படியாவது காதலாக முடிந்திருக்கக்கூடாதா என்ற ஏக்கம்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அந்த ஏக்கத்துக்கு நீங்கள் பொய்ச் சமாதானம் சொல்லக்கூடாது.

இனி மறுவாசிப்புக் கதைகள். ஆங்கிலத்தில் இது பெரிய அலை. 2018இல் மட்டும் மேடலின் மில்லர் கிரேக்கப் புராணத்துச் சூனியக்காரி சர்சியைப் பேச வைத்தார், பாட் பார்க்கர் துரோயப் போரில் அக்கிலிசுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்ட பிரிசெயிசைப் பேச வைத்தார். பார்க்கரின் நாவலை நான் மேலாக வைக்கிறேன். புருஷனையும் சகோதரர்களையும் கொன்றவனின் கூடாரத்தில் ஒரு பெண் நாளை எப்படிக் கழித்தாள் என்பதை அவர் பூசி மெழுகாமல் எழுதியிருக்கிறார். அவள் கையில் வாளைக் கொடுத்து வாசகரைக் குளிர்விக்கவில்லை.

இந்த வாள் விஷயத்தைத்தான் சொல்ல வந்தேன். இதிகாசப் பெண்ணுக்கு வில்லோ வாளோ கொடுத்துவிட்டால் அவள் விடுதலையாகிவிட்டாள் என்று இப்போது பலர் நம்புகிறார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் துவக்குத் தூக்கினார்கள், படை நடத்தினார்கள். 2009இல் போர் முடிந்த பிறகு தடுப்பு முகாமிலிருந்து வீடு வந்தபோது, முடியை நீளமாக வளர் என்றார்கள், சத்தமாகக் கதைக்காதே என்றார்கள், உன்னை யார் கட்டுவான் என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். ஆயுதம் கீழே வைத்த பிறகு ஒரு பெண் எப்படி வாழ்கிறாள், யாரை விரும்புகிறாள் என்பதுதான் எங்களுக்கு வேண்டிய கதை.

தமிழுக்கு இந்த வேலை புதிதல்ல. புதுமைப்பித்தன் 1943இலேயே 'சாபவிமோசனம்' எழுதிவிட்டார். சீதையை நெருப்பில் இறங்கச் சொன்னான் இராமன் என்று கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிப் போகிறாள். அதைவிடக் கடுமையான தீர்ப்பை நான் இன்னும் வாசிக்கவில்லை. ஆனால் அகலிகைக்கு அங்கே கல்லாவதைத் தவிர வேறு வழி இல்லை. தெலுங்கில் வோல்கா எழுதி, கௌரி கிருபானந்தன் 'மீட்சி' என்று தமிழில் தந்த கதைகளில் அந்த வழி திறக்கிறது. மூக்கறுபட்ட சூர்ப்பனகை அங்கே தோட்டம் வளர்க்கிறாள். அவளை மதித்து நேசிக்கிற துணை ஒருவனும் இருக்கிறான். ஷெல் துண்டு கிழித்த முகத்தோடும், ஒற்றைக் காலோடும் வாழ்கிற பெண்கள் உள்ள ஊரில் இருந்து அதை வாசித்துப் பாருங்கள். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் அழுதேன்.

காதல் நாவல் பெண்ணுக்குக் காதலைக் கொடுக்கிறது, வேண்டாம் என்று சொல்லும் வாயை எடுத்துவிடுகிறது. மறுவாசிப்பு வாயைக் கொடுக்கிறது. பெரும்பாலும் அந்த வாயால் அவள் தனக்குத் தீங்கு செய்த ஆணைப் பற்றியே பேசி முடிக்கிறாள். மறுக்கவும் விரும்பவும் தெரிந்த ஒரே பெண்ணை எழுதுங்கள் என்று கேட்கிறேன்.

கதை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். இங்கே வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்கு வாருங்கள். மதுரையை எரித்த கண்ணகி நந்திக்கடல் ஓரம் கிழவியாக வந்து, மாடு மேய்த்த பொடியன்களிடம் பசிக்கிறது என்றாளாம். அவர்கள் பொங்கிக் கொடுத்தார்கள், கடல் தண்ணீரில் விளக்கேற்றினார்கள். பேன் பார்க்கச் சொல்லித் தலையைக் கொடுத்தபோது தலை நிறையக் கண்கள் இருந்தன. வைகாசிப் பொங்கலுக்கு வருகிற எவரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். கோபம் முடிந்து, களைத்து, சாப்பாடும் ஒரு கையின் தொடுதலும் கேட்டு வந்தவள் அவள். மதுரையில் எரிந்தவளைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள்.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் வீதியில் உட்கார்ந்தார்கள். அவர்களில் மனைவிமாரும் இருந்தார்கள். புருஷன் செத்தான் என்ற பத்திரத்தை வாங்கினால் அவனைத் தானே கொன்றதுபோல, வாங்காவிட்டால் காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டும். அப்படி ஒருத்திக்கு 38 வயதில் இன்னொருவனைப் பிடித்துப்போனால்? அவன் அவள் வீட்டுப் படலையில் நின்று கதைப்பதை ஊர் பார்க்கிறது, மாமியார் பார்க்கிறா, வளர்ந்த மகன் பார்க்கிறான். இதைவிடக் கனமான காதல் முடிச்சு எங்கே இருக்கிறது? உங்கள் நாயகிகளுக்கு மட்டும் எப்போதும் 21 வயது.

வாசகிகள் கேட்பதால்தான் ஆன்டி ஹீரோ எழுதுகிறோம் என்று சொல்கிறீர்கள். சரி, நாங்களும் வாசகிகள்தான். அடுத்த தொடரில் நாயகி வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் அவன் எழுந்து வெளியே போகட்டும். பத்து அத்தியாயம் அவள் தன் வேலையைப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் அவனைப் பிடித்திருந்தால் அவளே போய்ச் சொல்லட்டும். அப்படி ஒரு தொடர் வந்தால் எங்கள் ஊரில் அதை வாசிக்க ஆள் இருக்கிறது. நானே எல்லோருக்கும் அனுப்பி வைப்பேன்.

அன்புடன்,
முல்லைத்தீவிலிருந்து ஒரு வாசகி