பாப்பாவுக்கு அம்மா எழுதுவது

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கால் வீக்கமும் வடிந்துவிட்டது. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலையில் பால்குடம் எடுக்கிறேன், உனக்கும் சேர்த்துத்தான். நீ வேளைக்குப் பசியாறுகிறாயா? அந்தக் குளிரில் வெறும் காப்பியைக் குடித்துவிட்டு வகுப்புக்கு ஓடாதே.

போனில் கூப்பிட்டால் "அம்மா, பிறகு பேசுகிறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்தப் 'பிறகு' வருவதே இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். தம்பி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான். அம்மாவின் கையெழுத்தைப் பார்த்தாவது முழுதாகப் படிப்பாய் அல்லவா?

கடைசியாக நாம் மனம்விட்டுப் பேசியபோது நீ ஒன்று சொன்னாய். அமெரிக்காவில் நீ பாடம் நடத்தும் உங்கள் துறையில் முனைவர் படிப்புக்கு வெளிநாட்டுப் பிள்ளைகளை இந்த முறை எடுக்க வேண்டாம், எடுத்தாலும் ஒருவரோ இருவரோ போதும் என்று பேச்சு அடிபடுவதாகச் சொன்னாய். தேர்வுக் குழுவில் நீயும் இருப்பதாகச் சொன்னாய். "நீ என்ன சொன்னாய்?" என்று கேட்டேன். அதற்குள் உனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அதன்பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. உன் குரல் சரியில்லை என்று அப்பா மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

நீ அடுக்கிய காரணங்கள் எனக்குப் புரியாமல் இல்லை. அங்கே முனைவர் படிப்புக்கு ஒரு பிள்ளையை எடுத்தால், கல்விக் கட்டணத்தையும் துறை ஏற்றுக்கொண்டு, மாதாமாதம் கையில் பணமும் கொடுக்க வேண்டும். உள்நாட்டுப் பிள்ளை வேறு மாநிலத்திலிருந்து வந்தாலும், கொஞ்ச காலத்தில் அந்த மாநிலத்தவனாகப் பதிந்துகொண்டு கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளலாம். மாணவர் விசாவில் வந்தவனுக்கு அந்த வழி இல்லை. கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் இந்த வித்தியாசம் மட்டும் ஆண்டுக்கு 15,000 டாலருக்கு மேல் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை கொடுக்கும் ஆராய்ச்சி உதவித்தொகையோ குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். ஆக வெளிநாட்டுப் பிள்ளைக்கு இருப்பது பேராசிரியரின் ஆராய்ச்சிப் பணம், இல்லையென்றால் வகுப்பெடுக்கும் உதவியாளர் வேலை. 2025-இல் அந்த ஆராய்ச்சிப் பணமே ஆட்டம் கண்டு, சில பல்கலைக்கழகங்கள் கொடுத்த இடங்களையே திரும்பப் பெற்றன. அந்த ஆண்டு மே மாதக் கடைசியில் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதி கொடுப்பதையும் நிறுத்தினார்கள். ஜூனில் மறுபடி திறந்தபோது, சமூக ஊடகக் கணக்குகளை யாரும் பார்க்கும்படி வைத்துவிட்டு வா என்றார்கள். ஒரு பிள்ளைக்கு இடத்தை ஒதுக்கிவிட்டு, ஆகஸ்டில் அவன் விசா கிடைக்காமல் நின்றுவிட்டால் அந்த இடம் வீண்தான். கணக்குப் பார்க்கிறவர்கள் கவலைப்படத்தான் செய்வார்கள்.

ஆனால் பாப்பா, இதில் ஒன்றாவது அந்தப் பிள்ளைகளின் குற்றமா?

நீ விண்ணப்பித்த காலத்தை நினைத்துப் பார். மூன்று பரிந்துரைக் கடிதம் கேட்டார்கள். பினாங்கில் உன் விரிவுரையாளர் எழுதியது நான்கே வரி: ஒழுக்கமானவள், வகுப்புக்குத் தவறாமல் வருபவள், முதல் வகுப்பில் தேறியவள். நம் ஊரில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. தமிழ்ப்பள்ளியில் இருந்தவரை நானும் நற்சான்றிதழ் என்றால் அப்படித்தான் எழுதுவேன். அங்கேயோ, என் அனுபவத்தில் இப்படி ஒரு மாணவியைப் பார்த்ததில்லை என்று இரண்டு பக்கம் எழுதுகிறார்களாம். நான்கு வரியைப் பார்த்தால், இவளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று தள்ளிவிடுவார்களாம். நீ போய்ச் சேர்ந்த பிறகு, உன்னை எடுத்த அந்தப் பெரியவர், உன் பேராசிரியர், சொல்லித்தானே இது நமக்குத் தெரிந்தது? அவர் அந்த நான்கு வரியோடு விட்டுவிடவில்லை. உன் ஆய்வறிக்கையை அனுப்பச் சொல்லி அவரே மின்னஞ்சல் போட்டார். இரவு முழுக்க உட்கார்ந்து அனுப்பினாய். அவருக்கு அப்படி என்ன தலையெழுத்து? அவர் மேசையிலும் விண்ணப்பங்கள் குவிந்துதான் கிடந்திருக்கும். ஆனாலும் படித்தார்.

அப்போது ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணாவது இருந்தது. பெயர் தெரியாத ஊரிலிருந்து வருகிறவளுக்கும் பேர்பெற்ற கல்லூரியிலிருந்து வருகிறவனுக்கும் அது ஒன்றுதான் பொதுவான அளவுகோல். கொரோனாவுக்குப் பிறகு பல துறைகள் அதைக் கைவிட்டுவிட்டன. 200 டாலருக்கு மேல் கட்டித் தேர்வு எழுத முடியாதவர்களுக்கு அது நல்லதுதான். ஆனால் மதிப்பெண் போய்விட்டால், கல்லூரியின் பெயரும் கடிதத்தின் நீளமும்தானே மிஞ்சும்? நல்லதா கெட்டதா என்று என்னால் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. நீ அங்கே இருக்கிறாய், உனக்குத் தெரிந்திருக்கும்.

சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துப் பையன் ஒருவன் அமெரிக்காவுக்கு விண்ணப்பித்திருக்கிறான். அவன் பட்டியலில் உன் பல்கலைக்கழகமும் இருக்கிறது. அவன் பெயரை இந்தக் கடிதத்தில் எங்கும் எழுத மாட்டேன். தெரிந்தவர்களின் விண்ணப்பம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவோம் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. அதனால் நீ தேடவும் வேண்டாம். அவன் அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள். "டீச்சர், பாப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று வந்து நின்றாள். என் மகளிடம் அப்படிக் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து கோயிலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இருக்கட்டும். உன் நேர்மை எனக்குப் பெரிது.

ஆனால் விண்ணப்பப் படிவத்தை நிரப்ப மட்டும் அவனை நம் வீட்டுக்கு வரச் சொன்னேன். நம் சாப்பாட்டு மேசையில்தான் எல்லாம் நடந்தது. பட்டச் சான்றிதழை அவன் அம்மா லேமினேட் செய்து வைத்திருந்தாள். எந்தப் பக்கம் திருப்பிப் படம் எடுத்தாலும், விளக்கு வெளிச்சம் பட்டு அவன் பெயருக்கு மேலேயே ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. கடைசியில் அப்பா விளக்கை அணைத்துவிட்டு, சன்னலோரம் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நிழலில்தான் எடுத்தோம். அடுத்ததாகக் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். ஏ/எல், அதாவது இன்னாரின் மகன், என்று போட்டு எழுதுகிற நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரைத்தான் போட வேண்டும். போட்டால் அங்கே எல்லாரும் இவனை அந்தப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். அந்த மனிதர் இவன் ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போதே வீட்டை விட்டுப் போனவர். திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒன்றும் பேசாமல் அந்தப் பெயரைத் தட்டினான்.

பணம் கட்டும் பக்கம் வந்தது. ஓர் இடத்துக்கு 80, 90 டாலர்; நம் ரிங்கிட் காசில் 300 வெள்ளிக்கு மேல். கட்டண விலக்கு உண்டா என்று தேடினால், பெரும்பாலான இடங்களில் அதுவும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் என்றே போட்டிருக்கிறது. இங்கே குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஐந்து இடத்துக்கு விண்ணப்பித்தால் அவன் அம்மாவின் ஒரு மாதச் சம்பளம் ஏறக்குறைய முழுதும் போய்விடும். இடம் கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பி வராது.

இதைத்தான் உன்னிடம் கேட்க வந்தேன், சுற்றி வளைத்துவிட்டேன். வெளிநாட்டுப் பிள்ளைகளை எடுக்கப்போவதில்லை என்று உள்ளே பேசி வைத்துக்கொண்டு, வெளியே விண்ணப்பத்தைத் திறந்துவைத்துப் பணம் வாங்குவது முறையா? பணம் இல்லை, எடுக்க முடியவில்லை என்றால் அதை முன்கூட்டியே எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதிப் போட்டுவிடுங்கள். அந்தப் பிள்ளைகள் வேறு வாசலைத் தட்டுவார்கள். பணத்தை வாங்கிவிட்டீர்கள் என்றால், ஒவ்வொன்றையும் பிரித்துப் படியுங்கள். படித்துவிட்டு வேண்டாம் என்றால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். படிக்காமல் தள்ளக்கூடாது.

வெளிநாட்டவன் என்று பிரித்து வைக்கும் பேச்சைக் கேட்டாலே எனக்கு ஏன் நெஞ்சு அடைக்கிறது என்று உனக்கே தெரியும். குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுத்த சிவப்பு அடையாள அட்டையின் கதையை ஆத்தா உனக்கும் சொல்லியிருக்கிறாள். 1969-இல் வேலை பெர்மிட் இல்லாதவனுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை என்றானபோது, பெரிய தாத்தா இந்தியாவுக்குப் போகும் ரஜூலா கப்பலில் ஏறினார். இங்கேயே பிறந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் ஏறினார். காண்டாக் கம்பில் ரப்பர் பால் வாளி சுமந்து தழும்பேறிய தோளை எந்த அதிகாரியும் பார்க்கவில்லை, அட்டையின் நிறத்தைத்தான் பார்த்தான். பினாங்குத் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்த ஆத்தா அடுப்பே மூட்டவில்லை. நாம் குடியிருந்த தோட்டத்து லயத்து வீட்டில் இப்போது வங்காளதேசத்துப் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதும் எனக்குப் பெரிய தாத்தாதான் நினைவுக்கு வருகிறார்.

ஆகவே குழுவில் பேசு பாப்பா. உன்னைத் தவிர அந்த மேசையில் இதைத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்? நான்கு வரிக் கடிதம் என்றால் என்ன என்று அவர்களுக்கு எடுத்துச் சொல். ஜூமில் பேசும்போது ஒரு பிள்ளை ஆங்கிலத்துக்குத் திணறினால், கொஞ்சம் பொறுத்துக் கேட்கச் சொல். டோஃபல் ஆங்கிலத் தேர்வில் அவ்வளவு மதிப்பெண் வாங்கிய நீயே முதல் வகுப்பு எடுத்த அன்று தொண்டை அடைத்து நின்றாயே.

ஆனால் பார்த்துப் பேசு. உன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நீயும் அங்கே விசாவில் இருக்கிறவள்தான். 2025 செப்டம்பரில் அந்த ஹெச்-1பி வேலை விசாவுக்கு 100,000 டாலர் கட்டணம் என்று செய்தி வந்த இரவு அப்பா தூங்கவில்லை. புதிதாக மனுச் செய்கிறவர்களுக்குத்தான் என்று தம்பி எத்தனையோ முறை விளக்கினான். "அவள் ஒரு தடவை இங்கே வந்துவிட்டால் மறுபடி உள்ளே விடுவார்களா?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். தீபாவளிக்கு நீ வராததற்கு டிக்கெட் விலை என்று காரணம் சொன்னாய். நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். பேச வேண்டும் என்றும் சொல்கிறேன், பார்த்து என்றும் சொல்கிறேன். இரண்டையும் எப்படிச் சேர்த்துச் செய்வது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. பெரியவர்களைச் சேர்த்துக்கொண்டு பேசு. தனியாக நின்று பேசாதே.

தோட்டத்துப் பிள்ளை இன்று அமெரிக்காவில் உட்கார்ந்து யாருக்கு இடம் கொடுப்பது என்று தீர்மானிக்கிறாள் என்று பசாரில் நான் சொல்லாத ஆள் கிடையாது. மீன் விற்கிற சீனத்திக்கும் தெரியும். ஊரெல்லாம் பெருமை. பெற்றவளுக்கு மட்டும் உன்னிடமிருந்து நல்லபடியாக ஒரு போன் கிடையாது. நீ பேசியதால் உனக்கு ஏதாவது தொந்தரவு வந்துவிட்டதா? இல்லை, பேசாமல் இருந்துவிட்டு அதை என்னிடம் சொல்லக் கூச்சப்படுகிறாயா? எதுவானாலும் சொல். நான் திட்டமாட்டேன். எனக்குத் தெரியாமல் நீ ஒன்றைத் தூக்கிச் சுமப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இடம் கொடுத்த பிள்ளைகள் ஏப்ரல் 15 வரை யோசித்துப் பதில் சொல்லலாம் என்று நீ சொன்ன ஞாபகம். அப்படியென்றால் உங்கள் கூட்டம் அதற்கு வெகு முன்பே இருக்க வேண்டும். என்றைக்கு என்று ஒரு வரி போடு. முடிந்ததும் கூப்பிடு. இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, அப்பா போனை அணைப்பதே இல்லை. மிளகாய்த்தூள் தீர்ந்திருக்கும், அனுப்பவா என்றும் சொல். மறக்காமல் பசியாறு.

அன்புடன்,
அம்மா