தலைப்புக்கு மேலே வரும் பெயர்கள்

அன்புள்ள கண்ணம்மா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நடிக்கக் கூப்பிடுகிறார்கள், கூடவே இணைத் தயாரிப்பாளராகவும் சேரச் சொல்கிறார்கள், அதோடு கறுப்பின நடிகர்களின் உரிமைக்கான குழுவிலும் வேலை இருக்கிறது என்று எழுதியிருந்தாய். "லஷான்ஸ் மூன்றையும் செய்கிறார், என்னால் முடியாதா அப்பா?" என்று கேட்டிருந்தாய். முடியும் அம்மா. ஆனால் அவர் அந்த இடத்துக்கு எந்த வரிசையில் வந்தார் என்பதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

அமெரிக்கக் கறுப்பின நடிகையான லஷான்ஸ், நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகள் கொண்ட பிராட்வேயில் முதன்முதலில் மேடை ஏறியது 1986இல். 1990இல் 'வன்ஸ் ஆன் திஸ் ஐலண்ட்' இசை நாடகத்தில் டி மூன் என்ற நாயகி வேடம். அதற்கு பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுப் பரிந்துரை வந்தது, விருது வரவில்லை. விருது கையில் கிடைத்தது 2006இல், 'தி கலர் பர்ப்பிள்' நாடகத்தில் சீலியாக நடித்ததற்கு. பதின்வயதுச் சிறுமியாகத் தொடங்கி நடுவயதைத் தாண்டும்வரை ஒரே ஆள் நடிக்க வேண்டிய வேடம் அது. பிராட்வேயில் வாரத்துக்கு 8 காட்சிகள். பெரும்பாலும் திங்கள் ஒருநாள்தான் ஓய்வு. அந்த வேடத்தை அந்தக் கணக்கில் சுமப்பதற்குத் தொண்டையும் முதுகும் எவ்வளவு பழகியிருக்க வேண்டும் என்று நீயே அறிவாய். தயாரிப்பாளர் பட்டியலில் அவர் பெயர் வந்தது 2022இல். முதல் மேடைக்கும் அதற்கும் இடையே 36 ஆண்டுகள்.

உன்னையும் அத்தனை வருஷம் காத்திரு என்று சொல்லவில்லை. அந்த வருஷங்களில் அவருக்குத் தெரிய வந்த விஷயத்தைத்தான் சொல்கிறேன். யார் நடிக்கலாம், எந்த முடிவோடு கதை முடியலாம், தலைமுடியை யார் பின்னலாம் என்பதெல்லாம் ஒத்திகை தொடங்குவதற்கு வெகுமுன்பே, சில தாள்களில் முடிவாகிவிடுகிறது. அந்தத் தாள்களில் பெயர் இருப்பவர்களின் பெயர்தான் விளம்பரத்தில் நாடகத் தலைப்புக்கு மேலே வரும்.

இதற்கு 'ட்ரபிள் இன் மைண்ட்' ஒன்றே போதும். ஆலிஸ் சில்ட்ரெஸ் எழுதி, 1955இல் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ஒரு சிறிய அரங்கில் மேடையேறிய நாடகம். கதையும் ஒத்திகைக் கூடத்துக்குள்ளேயே நடக்கிறது. விலெட்டா மேயர் என்ற அனுபவமுள்ள கறுப்பின நடிகை, வெள்ளைக்காரர் எழுதிய ஒரு நாடகத்தில் தாயாக நடிக்க வேண்டும். கொல்லத் துடிக்கும் கும்பல் தேடும் தன் மகனை, அந்தத் தாயே வீட்டை விட்டு வெளியே போகச் சொல்கிறாள். விலெட்டா வசனத் தாளைப் பிடித்தபடி நின்று, எந்தத் தாய் இப்படிச் செய்வாள் என்று கேட்கிறாள். இயக்குநர் நயமாகப் பேசிப் பார்க்கிறார், மிரட்டிப் பார்க்கிறார். அவள் அந்தக் கேள்வியை விடவில்லை. இந்த நாடகத்தை 1957இல் பிராட்வேக்குக் கொண்டுபோக ஏற்பாடு நடந்தது. தயாரிப்பாளர்கள் முடிவை மாற்றச் சொன்னார்கள், சில்ட்ரெஸ் மறுத்தார், நாடகம் பிராட்வேக்குப் போகவில்லை. போயிருந்தால் அங்கே மேடையேறிய முதல் கறுப்பினப் பெண் நாடகாசிரியர் அவர்தான். அந்த இடம் 1959இல் 'எ ரெய்சின் இன் தி சன்' எழுதிய லொரெய்ன் ஹான்ஸ்பெரிக்குப் போயிற்று. அந்த நாடகத்துக்கே பணம் திரட்ட ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

சில்ட்ரெஸ் 1994இல் காலமானார். அவர் நாடகம் பிராட்வேயில் திரை உயர்த்தியது 2021 நவம்பரில். விலெட்டாவாக நின்றவர் லஷான்ஸ். 64 ஆண்டுகள் அந்த நாடகத்தைத் தடுத்து வைத்தது தயாரிப்பாளர் என்ற நாற்காலி. அந்த நாடகத்தில் நடித்த லஷான்ஸ் மறுவருஷமே அந்த நாற்காலிப் பக்கம் போனதில் எனக்கு வியப்பே இல்லை.

இனி உன் விஷயம். அந்தத் தாள்களில் என்ன இருக்கும் என்று சொல்கிறேன்.

முதலில் ஆப்ஷன். நாடகாசிரியரிடம் ஒரு தொகை கொடுத்து, குறிப்பிட்ட காலத்துக்குள் மேடையேற்றும் உரிமையை வாங்கி வைப்பது. வழக்கமாக ஒரு வருஷம், மேலும் பணம் கொடுத்தால் நீட்டிப்பு. இது யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் முதன்மைத் தயாரிப்பாளர். உன்னைக் கூப்பிடும் குழுவிடம் முதல் கேள்வியாக இதைக் கேள். ஆப்ஷனே வாங்காமல் பணம் திரட்டும் குழுக்கள் உண்டு. கெடு முடிந்து உரிமை ஆசிரியரிடம் திரும்பிப் போன பிறகும் ஒத்திகை நடத்துகிறவர்களும் உண்டு.

அடுத்தது, நாடகத்துக்கென்றே தொடங்கும் தனி நிறுவனம். முதலீட்டாளர்கள் அதில் பங்குதாரர்கள். இணைத் தயாரிப்பாளர் என்பவர் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட தொகையைத் திரட்டிக் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டவர். பிராட்வேயில் அது சில லட்சம் டாலர். பெயர் தலைப்புக்கு மேலே வரும், லாபம் வந்தால் ஒரு பங்கும் வரும். ஆனால் இயக்குநர் யார், நடிகர்கள் யார், விக் செய்பவர் யார் என்பதில் அவருக்கு ஓட்டுக் கிடையாது, ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்கினால் ஒழிய. பெயர் வந்ததும் அதிகாரமும் வந்துவிட்டது என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. நீ சேர்வதென்றால் பணத்துக்குப் பதிலாக எந்தெந்த முடிவில் கருத்துச் சொல்லும் உரிமை கிடைக்கும் என்று ஒரு வரியாவது எழுத்தில் வாங்கு.

பணம் கேட்கப் போகும்போது ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. இந்த முதலீடுகள் பங்குப் பத்திரச் சட்டத்துக்குள் வருபவை. பெரும்பாலும் தகுதி பெற்ற முதலீட்டாளர்களிடம்தான் வாங்குவார்கள். வீட்டைச் சேர்க்காமல் 10 லட்சம் டாலருக்கு மேல் சொத்து, அல்லது தொடர்ந்து ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் என்பது பொதுவாகப் பார்க்கும் தகுதி. தலைமுறை தலைமுறையாக வீடு வாங்கக் கடன் மறுக்கப்பட்ட சமூகத்தில் எத்தனை பேர் அந்தக் கோட்டைத் தாண்டுவார்கள்? திறமைக்குக் குறைவில்லாத இடத்தில் கறுப்பினத் தயாரிப்பாளர்கள் ஏன் இத்தனை குறைவு என்பதற்கு முக்கியக் காரணம் இந்தக் கோடுதான் என்பது என் கருத்து. இன்னொன்று, நீ கொண்டுவரும் பணத்தில் இத்தனை சதவீதம் கமிஷன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. தரகர் உரிமம் இல்லாமல் அப்படி வாங்குவது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார். இது நானே வைத்துக்கொண்ட கணக்கு. ஒரு வசன நாடகத்துக்கு முதலீடு 42 லட்சம் டாலர். வாரச் செலவு, அரங்கின் நிலையான வாடகை உட்பட 4.5 லட்சம். வார வசூல் 6 லட்சம். ராயல்டி, அரங்க உரிமையாளரின் வசூல் பங்கு இவை 12 சதவீதம் என்றால் 72 ஆயிரம் போகும். மிச்சம் 78 ஆயிரம். போட்ட முதல் முழுதும் திரும்ப 54 வாரம் ஆகும். நட்சத்திர நடிகர் கொடுத்த தேதியோ 16 வாரம். 16 வாரத்தில் திரும்புவது 12.48 லட்சம்தான். போட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அரங்கம் ஒவ்வொரு இரவும் நிறைந்த மாதிரித் தெரியும், கைதட்டல் கேட்கும், முதலீட்டாளருக்குப் போட்ட முதல்கூட முழுதாகத் திரும்பாது. இதைத் தவிர அரங்க ஒப்பந்தத்தில் நிறுத்தும் பிரிவு என்று ஒன்று இருக்கும். வசூல் ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் கீழே தொடர்ந்து 2 வாரம் போனால், உரிமையாளர் நாடகத்தை வெளியேற்றலாம். அந்தத் தொகை என்ன என்று பார்க்காமல் யாருக்கும் வாக்குக் கொடுக்காதே.

லஷான்ஸ் தயாரிப்பில் சேர்ந்த நாடகங்களை இந்தக் கண்ணோடு பார். 'கிம்பர்லி அகிம்போ' 9 பேர் நடிக்கும் இசை நாடகம், முன்பே ஒரு சிறிய அரங்கில் ஓடிச் சோதிக்கப்பட்டது. 'டாப்டாக்/அண்டர்டாக்' இரண்டே நடிகர்கள். இரண்டும் 2023 ஜூனில் டோனி வாங்கின. ஒன்று சிறந்த இசை நாடகம், மற்றது பழைய நாடகத்தின் சிறந்த மறுதயாரிப்பு. ஆனால் 'டாப்டாக்' ஜனவரியிலேயே திரை இறக்கிவிட்டது. விருது வந்தபோது விற்க ஒரு டிக்கெட்டும் இல்லை. விருதை நம்பி வரவு எழுதக் கூடாது என்பது இதனால்தான்.

உரிமைக்கான வேலை என்று நீ எழுதியிருந்ததற்கு வருகிறேன். 2020 ஜூனில் 'பிளாக் தியேட்டர் யுனைடெட்' என்ற கறுப்பின நாடகக் கலைஞர்களின் அமைப்பைத் தொடங்கியவர்களில் லஷான்ஸும் ஒருவர். ஆட்ரா மெக்டொனால்ட், பிரையன் ஸ்டோக்ஸ் மிட்செல், பிலிசியா ரஷாத் போன்ற பெயர்பெற்ற நடிகர்களும் கூட இருந்தார்கள். 2021இல் பிராட்வேக்கு ஒரு புதிய உடன்பாட்டைக் கொண்டுவந்து, அரங்க உரிமையாளர்களையும் தயாரிப்பாளர்களையும் கையெழுத்திட வைத்தார்கள். படைப்புக் குழு முழுக்க வெள்ளையராக அமைப்பதில்லை என்பது அதில் ஒன்று. பெரிய உரிமையாளர்கள் ஒவ்வொருவரும் குறைந்தது ஓர் அரங்குக்குக் கறுப்பினக் கலைஞர் பெயர் வைப்பது மற்றொன்று. 2022இல் கார்ட் அரங்கு ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் அரங்கானது, புரூக்ஸ் அட்கின்சன் அரங்கு லீனா ஹார்ன் அரங்கானது. கறுப்பின நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் பெயரில் 2005 முதலே ஒன்று இருந்தது.

பெயர்ப்பலகை கண்ணுக்குத் தெரியும், அதனால் நடந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத வாக்குறுதிகள் அத்தனை சுலபமாக நடப்பதில்லை, ஏனென்றால் அது வாக்குறுதி, யாரும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஒப்பந்தம் வேறு. வாஷிங்டனில் நேஷனல் தியேட்டர் கறுப்பினத்தவரைப் பார்வையாளராக அனுமதிக்காமல் இருந்தது. இனம் பிரிக்கும் அந்த அரங்கில் எங்கள் உறுப்பினர் நடிக்க மாட்டார்கள் என்று நடிகர் சங்கம் 1947இல் முடிவெடுத்தது. உரிமையாளர் வழிக்கு வரவில்லை, 1948இல் நாடகத்தை நிறுத்திவிட்டுப் படம் ஓட்டினார். 1952இல் அனைவருக்குமான நாடக அரங்காகத் திரும்பத் திறந்தது. சங்கத்தின் ஒரு வரி ஐந்து வருஷத்தில் செய்த வேலை. அதனால் உன் குழுவிலும், கண்டன அறிக்கைக்குச் செலவிடும் நேரத்தைவிட ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய வரிகளுக்கு அதிக நேரம் கொடு.

எந்த வரிகள்? தலைமுடியிலிருந்து தொடங்கு. விக் வைப்பதென்றால் முடியைத் தலையோடு ஒட்டிய பின்னல்களாகத் தட்டையாகப் பின்னி, மேலே மெல்லிய தொப்பி மாட்டி, மைக்கின் முனையை நெற்றி முடிக்கோட்டில் நிறுத்தி, கம்பியைப் பின்னலோடு கிளிப்பில் பிடித்து, அதன்மேல்தான் விக்கைப் பின் குத்தி ஒட்டுவார்கள். சுருள்முடி பழகாதவர் கை பட்டால் பின்னல் மேடாக நிற்கும், விக் தூக்கும், மைக் நகரும், சத்தம் மங்கும். விக்கின் முன்விளிம்பு வலைக்குத் தோலின் நிறத்தில் சாயம் ஏற்றாவிட்டால் விளக்கில் நெற்றியில் சாம்பல் கோடு தெரியும். வாரம் 8 தடவை இழுத்துக் கட்டினால் நெற்றியோர முடி உதிர்ந்துபோகும். இதற்குப் பயந்து நடிகைகள் வீட்டிலேயே தங்கள் காசில் பின்னிக்கொண்டு வருகிறார்கள். சுருள்முடியில் தேர்ந்தவரை நியமிக்க வேண்டும், இல்லையென்றால் வெளியே பின்னும் செலவையும் நேரத்துக்கான கூலியையும் தர வேண்டும் என்று எழுது. லஷான்ஸ் தயாரிப்பில் சேர்ந்த 'ஜாஜாஸ் ஆப்ரிக்கன் ஹேர் பிரெய்டிங்' நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் முடி பின்னும் ஒரு கடையில் நடக்கும் கதை. மேடையிலேயே பின்னுகிறார்கள். அதன் விக்குகளைச் செய்த நிகியா மாதிஸுக்கு 2024இல் டோனி சிறப்பு விருது கொடுத்தார்கள். விக்குக்கென்று டோனியில் தனிப் பிரிவே கிடையாது, அதனால்தான் சிறப்பு விருது.

விளக்கையும் விடாதே. தொழில்நுட்ப ஒத்திகையில் வெளிர்நிற ஆளை நிற்க வைத்து ஒளி அமைத்துவிடுவார்கள். பிறகு கருநிற நடிகர் வந்து நின்றால் முகம் இருட்டில் போய்விடும். முன்விளக்கைக் கூட்டினால் நெற்றி மட்டும் பளபளக்கும், கண் தெரியாது. பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் ஒளி வேண்டும், இளம் ஊதாவும் தேன்நிறமும் கலந்து. பச்சை கலந்த நிறம் கூடாது. நடிக்கிறவரையே அல்லது அவர் நிறத்தவரை நிறுத்தித்தான் ஒளி அமைக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் கேள்.

2025இல் லஷான்ஸ் முதல்முறையாக இயக்குநரானார். எடுத்துக்கொண்டது சில்ட்ரெஸின் இன்னொரு நாடகம், 'வைன் இன் தி வைல்டர்னெஸ்'. அதைப் படித்ததும் மனசு நிறைந்துபோயிற்று எனக்கு.

அந்தக் குழு அனுப்பிய ஒப்பந்தத்தில், உரிமைக் கெடு தேதி உள்ள பக்கத்தையும் இணைத் தயாரிப்பாளர் கடமைகள் உள்ள பக்கத்தையும் படமெடுத்து அனுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாயே, இரண்டு வாரம் அவகாசம் கேள். அம்மா உன் தொண்டைக்கு அதிமதுரம் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா