கூத்துக் களரியடி மலசலகூடத்தைத் திறந்து தரும்படி நான்காவது மனு

மதிப்பிற்குரிய செயலாளர் ஐயா அவர்களுக்கு,
உள்ளூராட்சி மன்ற அலுவலகம்,
மட்டக்களப்பு.

விடயம்: வாவிக்கரை மைதானத்து மலசலகூடத்தின் திறப்பு (சாவி)

வணக்கம் ஐயா.

இதே விடயமாகத் தங்களுக்கு முன்னர் மூன்று கடிதங்கள் தந்திருக்கிறோம். முதலாவதைக் கையில் தந்தோம். இரண்டாவதைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். மூன்றாவதைக் கிராம உத்தியோகத்தரின் சிபாரிசோடு கொண்டுவந்து மேசையில் வைத்தோம். ஒன்றுக்கும் பதில் இல்லை. இரண்டாவது கடிதத்துக்குக் கையெழுத்து வைத்து வாங்கிய துண்டு எங்களிடம் இருக்கிறது. ஆகவே கிடைக்கவில்லை என்று தாங்கள் சொல்லமாட்டீர்கள் என்று நம்புகிறோம்.

எந்த மைதானம் என்று விளக்க வேண்டியதில்லை. தாங்கள் தினமும் கல்லடிப் பாலத்தால் புளியந்தீவுக்குப் போய் வருகிறவர். வாவிக்கரை வாகை மரத்தடியில் வட்டமாக ஒரு மண்மேடு தெரியும், அதுதான் நாங்கள் கூத்து ஆடும் களரி. அதற்குப் பின்னால் நீலச் சாயம் பூசி, நான்கு கதவோடு நிற்கிற கட்டடத்தைப் பற்றித்தான் இந்த மனு.

1. கட்டித் தந்ததற்கு நன்றி. இதை முதல் மூன்று கடிதங்களிலும் எழுதினோம், இதிலும் எழுதுகிறோம். நாடா வெட்டினீர்கள், நாங்கள் மாலை போட்டோம். அன்று பின்னேரமே ஆமைப்பூட்டு விழுந்தது. திறப்பு விழா நடந்துவிட்டது ஐயா, திறப்புத்தான் இன்னும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

2. திறப்பு தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. அலுவலகம் பின்னேரம் 4.15க்கு மூடும். கூத்து இரவு ஒன்பதுக்குத் தொடங்கும். சனி, ஞாயிறு அலுவலகம் இல்லை. ஊரார் சனி இரவில்தான் கண்விழிக்க முடியும், ஆகவே கூத்தும் சனிக்கிழமைதான். வெள்ளிக்கிழமையே திறப்பைத் தாருங்கள், திங்கள் காலையில் கொண்டுவந்து தருகிறோம் என்று கேட்டால், உள்ளேயிருக்கும் சாமான் களவு போகும் என்கிறார்கள். ஜன்னல் இடுக்கால் ரோச் அடித்துப் பார்த்தோம். இரண்டு வாளியும் ஒரு தும்புத்தடியும் இருக்கின்றன.

3. எங்களை அதிகம் வருத்துவது இதுதான், பொறுமையாக வாசிக்க வேண்டும். கூத்து ஒன்றரை மணி நேரப் படமல்ல. ராசாவின் வரவை அறிவிக்கும் கட்டியகாரன் வந்து, ராசா கொலு வந்து, ஒவ்வொருவரின் வரவும் ஆடி, கடைசிப் போர் முடியக் கிழக்கு வெளுத்துவிடும். எங்களுடையது கூத்தின் இரண்டு மோடிகளில் ஒன்றான வடமோடி, போர் இல்லாமல் முடியாது. சனம் பாயும் தலையணையும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் கொண்டுவந்து களரியைச் சுற்றி இருக்கும். வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதம், தாகத்துக்குத் தண்ணீர் குடிக்காமல் இருக்க முடியுமா? குடித்தால் எங்கே போவது?

ஆம்பிளைகள் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள், அதுவும் அழகான காட்சி இல்லை. பெண்கள்? ஒரு பக்கம் கண்ணாப் பற்றை, பாம்பு கிடக்கிறது. அடுத்தது வாவி, அதில் முதலை இருப்பது தங்களுக்கும் தெரியும். தெருப்பக்கம் பாலத்து விளக்கு வெளிச்சம். போன வருடம் பெண்கள் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தண்ணீரே குடிக்காமல் வந்தார்கள். இதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்படி வந்தும் நடுச்சாமத்துக்குப் பிறகு பெண்கள் பக்கம் பாயெல்லாம் வெறும் பாயாகக் கிடந்தது. போர் தொடங்கும்போது எதிரே இருந்து பார்த்தது பொடியன்களும் நாய்களும்தான்.

மைதானத்துக்கு முன் வீட்டு அக்கா முதல் இரண்டு வருடம் தன் வீட்டுப் படலையைத் திறந்து விட்டார். ஒரே இரவில் நூறு பேர் போனால் யாருக்குத்தான் பொறுக்கும்? கிணற்று வாளிக் கயிறும் அறுந்தது. மூன்றாவது வருடம் படலையைச் சாத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை.

கூத்தைப் பழக்கி நடத்தும் எங்கள் அண்ணாவியாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, சீனி வருத்தம் (நீரிழிவு). அவர் களரியின் நடுவே மத்தளத்தோடு இரவு முழுக்க நிற்க வேண்டியவர். அவர் நின்றால்தான் தாளம், தாளம் நின்றால் ஆட்டம் நின்றது. போன அரங்கேற்றத்தில் மத்தளத்தை மருமகன் கையில் கொடுத்துவிட்டு மூன்று தடவை ஓட்டோவில் வீட்டுக்குப் போய் வந்தார். மூன்றாவது தடவை வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. வெட்கம் ஐயா. நாலு தலைமுறையாகக் கூத்துப் பழக்கிய குடும்பம் அது.

ராசாவுக்கு ஆடியவர் பாடு வேறு. கரப்புடுப்பு எப்படியிருக்கும் என்று தெரியும்தானே, மீன் பிடிக்கும் கரப்பு மாதிரி இடுப்பைச் சுற்றி வட்டமாக விரிந்து நிற்கும். கழற்றவும் கட்டவும் இரண்டு பேர் வேண்டும், அரை மணி நேரம் போகும். பக்கத்திலே மலசலகூடம் இருந்தால் வரவுக்கும் வரவுக்கும் இடையில் சமாளிக்கலாம். இல்லாததால் அவர் மத்தியானத்திலிருந்து பட்டினி. போரில் சுற்றி ஆடும்போது மயங்கி விழுந்தார். மிஞ்சியிருந்த சனம் நடிப்பென்று நினைத்துக் கை தட்டியது.

இம்முறை பாடசாலைப் பிள்ளைகள் ஆறு பேர் சதங்கை கட்டியிருக்கிறார்கள், அதில் நாலு பேர் பெண்பிள்ளைகள். முந்தி பெண் வேசமும் ஆண்கள்தான் கட்டினார்கள். பெண்பிள்ளைகளை விடும்படி தாய்மாரைச் சம்மதிக்க வைக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்தத் தாய்மார் இப்போது கேட்பது ஒரே கேள்விதான்: "அங்க அந்த வசதி இருக்கா?" என்ன பதில் சொல்ல? இருக்கு, ஆனால் பூட்டியிருக்கு என்றா?

4. மைதான வாடகைப் பற்றுச்சீட்டில் "சுகாதாரக் கட்டணம் 500 ரூபாய்" என்று தனியாக எழுதித்தான் வாங்குகிறீர்கள். பிரதி இணைத்திருக்கிறோம். எதற்கு?

5. மூன்றாவது கடிதத்தைக் கொண்டுவந்தபோது அங்கிருந்த உத்தியோகத்தர் ஒருவர், கூத்தைச் சுருக்கிப் பத்து மணிக்குள் முடித்தால் பிரச்சினையே இல்லையே, பேராசிரியர்களே சுருக்கியிருக்கிறார்களே என்றார். உண்மைதான். 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கிப் பல்கலைக்கழக மேடையில் ஏற்றினார். அதனால்தான் கூத்தின் பெருமை நாடு முழுக்கத் தெரிந்தது, அவருக்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள். ஆனால் அங்கே பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்கிய வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரே எங்களைப் போன்ற களரியில் இரவு முழுக்க ஆடி வந்தவர்தான். களரி இருந்ததால்தான் சுருக்குவதற்கு ஒரு கூத்து இருந்தது. வித்தியானந்தன் கலைக்காகச் சுருக்கினார். நாங்கள் கக்கூசுக்காகச் சுருக்க வேண்டுமா? மன்னிக்க வேண்டும், சொல் கடுமையாகிவிட்டது. அழித்து எழுத மனம் வரவில்லை.

6. இது கூத்துக்காரருக்கு மட்டுமான கரைச்சல் இல்லை. சித்திரை வருடப் பிறப்பு விளையாட்டு இதே மைதானத்தில்தான். போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் வயலினோடு வந்து தங்கள் கஃப்ரிஞ்ஞா நடனம் ஆடியதும் இங்கேதான். அன்றைக்கும் பூட்டுத்தான். அவர்கள் பாதியில் போனதற்கு நேரமாகிவிட்டது என்றுதான் சொன்னார்கள், நல்ல மனுசர்.

7. எங்கள் கோரிக்கை மலசலகூடத் திறப்பு. ஒரு திறப்பு. புதுக் கட்டடம் கேட்கவில்லை, காசு கேட்கவில்லை, விளக்குக் கூடக் கேட்கவில்லை (போன வருடம் கேட்டோம், விட்டுவிட்டோம்). கையெழுத்து வைத்து வாங்குகிறோம். கழுவித் துடைத்துத் தருகிறோம். வாளிகளை எண்ணித் தருகிறோம். தர முடியாது என்றால் அதையாவது எழுத்தில் தாருங்கள், தாய்மாருக்குக் காட்ட ஒரு கடுதாசி வேண்டும்.

8. தயவுசெய்து திறப்பைத் தாருங்கள் ஐயா.

அரங்கேற்றம் வருகிற ஆவணி மாதம் இரண்டாவது சனிக்கிழமை இரவு. இத்தோடு அழைப்பிதழும் வைத்திருக்கிறோம். நீங்கள் குடும்பத்தோடு வரவேண்டும், உங்கள் தாயாருக்குக் கூத்தென்றால் உயிர் என்று கேள்விப்பட்டோம், அவரையும் கூட்டி வாருங்கள். களரிக்கு முன்னால் கதிரை போட்டு வைப்போம். வரும்போது திறப்பையும் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
அண்ணாவியாருக்கும் ஊராருக்குமாக,
கூத்துக் குழுச் செயலாளர்

இணைப்பு: முன்னைய மூன்று கடிதங்களின் பிரதிகள், பதிவுத் தபால் துண்டு, பற்றுச்சீட்டுப் பிரதி, பூட்டின் படம், அழைப்பிதழ்.