பெயர் சொல்லாமல் போன அக்காவுக்கு

அம்மா மருத்துவமனையில் கிடந்தபோது மூன்று இரவுகள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு நன்றி. நான் வந்துசேர நான்காம் நாள் ஆகிவிட்டது. பக்கத்துக் கட்டில் நோயாளிக்காக ஜெபிக்க வந்தவராம் நீங்கள், ஜெபித்துவிட்டுப் போயிருக்கலாம். அம்மாவுக்குத் துணையில்லை என்று தெரிந்ததும் தங்கிவிட்டீர்கள். விரிப்பை மாற்றியது, கழிவறைக்குத் தாங்கி அழைத்துப்போனது எல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும்.

பைபிளில் லூக்கா 10-ஆம் அதிகாரத்துச் சமாரியன், வழியில் அடிபட்டுக் கிடந்த முன்பின் தெரியாதவனைச் சத்திரத்தில் சேர்த்து, சத்திரக்காரனிடம் பணம் கொடுத்ததோடு, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான். இத்தனை முறை படித்தும் அந்தத் ‘திரும்பி வரும்போது’ என் கண்ணில் பட்டதில்லை. அம்மா வீடு கிளம்பிய நாளில் நீங்களும் திரும்பி வந்தீர்கள், பை தூக்க.

பெயர் கேட்டேன். “இடது கைக்கே தெரியக்கூடாது, உங்களுக்கு எதற்குத் தம்பி?” என்று சிரித்தீர்கள். கொஞ்சம் கோபம்கூட வந்தது. இரவு ஜெபத்தில் அம்மா இன்றும் உங்களை ‘அந்தப் பிள்ளை’ என்றுதான் சொல்கிறாள்.