பரிமாற ஆளில்லை, பரிமாறிய கட்டணம் 18 வெள்ளி 26 காசு

அனுப்புநர்:
14-ஆம் மேசை,
தஞ்சோங் மாலிம், பேராக்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
உணவகத் தலைமையகம், கோலாலம்பூர்.

பொருள்: கடந்த சனிக்கிழமை மதியம் உங்கள் நகரக் கிளையில் என் அம்மாவிடம் ரொக்கக் காசு வாங்க மறுத்தது, பரிமாறாமலேயே பரிமாறிய கட்டணம் வாங்கியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் ரசீதில் என் பெயர் இல்லை, ‘மேசை 14’ என்றுதான் இருக்கிறது. அதனால் அப்படியே அறிமுகம் செய்துகொள்கிறேன். நான் தஞ்சோங் மாலிம் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில், லாரிகளை எடை போடும் எடைப்பாலத்துக் கிராணி, அதாவது எழுத்தர். லாரி குலையோடு உள்ளே வரும்போது ஓர் எடை, கொட்டிவிட்டு வெளியே போகும்போது ஓர் எடை. இரண்டுக்கும் நடுவில் உள்ளதற்குத்தான் காசு. 20 வருடமாக இதே வேலை என்பதால் எந்த ரசீது கையில் வந்தாலும் எது வந்தது, எது போனது என்று கணக்குப் பார்க்கும் வியாதி எனக்கு உண்டு. உங்கள் ரசீதையும் அப்படிப் பார்த்ததால்தான் இந்தக் கடிதம்.

அன்று அம்மாவுக்கு 70 வயது நிறைந்தது. 15 வயதில் பால்வெட்டுக்குப் போனவர். ரப்பரை வெட்டிச் சாய்த்து செம்பனை நட்ட பிறகு உதிரிப் பழம் பொறுக்கினார். இப்போது வீட்டுக் கொல்லையில் முருங்கைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலைச் சந்தையில் கட்டு 2 வெள்ளிக்கு விற்கிறார். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, “எனக்கு எதுவும் வேண்டாம். எல்லாரையும் கோலாலம்பூருக்குக் கூட்டிப் போய் நான் ஒரு வேளைச் சாப்பாடு வாங்கித் தருகிறேன். காசு நான்தான் கொடுப்பேன், மாப்பிள்ளை பையில் கை விடக் கூடாது” என்றார். இந்த ஒரு நிபந்தனைதான். சுருக்குப் பையில் 50 வெள்ளித் தாள் ஐந்து வைத்திருந்தார். 250 வெள்ளி என்றால் 125 கட்டுக் கீரை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

காலையில் கொமுட்டர் ரயில் ஏறினோம். அம்மா, நான், மகள் மூவரும் பெண்களுக்கான இளஞ்சிவப்புப் பெட்டியில், வீட்டுக்காரரும் மகனும் அடுத்த பெட்டியில். கோலக்குபு பாரு, ராசா, பத்தாங்காலி என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் அம்மாவிடம் ஒரு கதை இருந்தது. யார் யார் எந்தத் தோட்டத்தில் வாக்கப்பட்டுப் போனார்கள், எந்த லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) இப்போது காடாகிக் கிடக்கிறது என்று ரவாங் வரைக்கும் ஓயவில்லை. அதற்கப்புறம் வெறும் வீடமைப்புத் திட்டங்கள்தான், அதனால் தூங்கிவிட்டார்.

கே.எல். சென்ட்ரலில் எல்ஆர்டி என்ற நகர ரயிலுக்கு மாறினோம். இந்த இடத்தைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், காரணம் இருக்கிறது. டிக்கெட் இயந்திரத்தில் அம்மாவே தன் கையால் ஒரு 5 வெள்ளித் தாளை நுழைத்தார். ஒரு தடவை துப்பியது. அம்மா தாளைத் தொடையில் வைத்து நீவி, திருப்பி விட்டார். வாங்கிக்கொண்டது. நீல நிற வில்லையும் சில்லறையும் கலகலவென்று விழுந்தன. அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் முதல் பெட்டியில் ஏறினால் முன்னால் கண்ணாடிதான், ஓட்டுநரே இல்லை. பாசார் செனி தாண்டியதும் ரயில் பொந்துக்குள் இறங்கியது. “ஏம்மா, ஓட்டுகிறவன் எங்கே?” என்று என் கையைப் பிடித்தவர் கே.எல்.சி.சி. வரைக்கும் விடவில்லை. வெளியே வந்து இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். 88 மாடி, 452 மீட்டர் என்று மகன் பாடம் ஒப்பித்தான். அம்மா கேட்டது ஒன்றுதான்: “இவ்வளவையும் யார் கூட்டிப் பெருக்குவது?”

சரி, உங்கள் கடைக்கு வருகிறேன்.

விளம்பரத்தில் ஒரு பாட்டி வாழையிலையில் சோறு போடும் படம் இருந்தது. ‘பாட்டி கைமணம், பந்தி உபசாரம்’ என்று கீழே எழுத்து. அதைப் பார்த்துத்தான் உங்கள் கடையைத் தேர்ந்தெடுத்தோம். உள்ளே சுவர் முழுக்க ஆள் உயரத்துக்குத் தமிழ் எழுத்துகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். நுழைவாயிலுக்கு நேரே பெரிய எழுத்தில் ‘வாளை இலை விருந்து’. வாளை மீனுக்கு இலை முளைத்த அதிசயத்தை அன்றைக்குத்தான் பார்த்தோம். போகட்டும், அதற்கெல்லாம் நான் காசு திருப்பிக் கேட்கப் போவதில்லை.

மேசையில் உட்கார்ந்தோம். யாரும் வரவில்லை. மேசையில் ஒட்டியிருந்த கியூஆர் கட்டத்தைக் கைப்பேசியில் காட்டி ஆர்டர் செய்ய வேண்டும் என்று பக்கத்து மேசைக்காரர் சொல்லித் தந்தார். (அவர் உங்கள் ஊழியர் இல்லை என்பதைக் கவனிக்கவும்.) திறந்தால் முழுவதும் ஆங்கிலம், கீழே கொஞ்சம் மலாய். சுவரில் அவ்வளவு தமிழ் தீட்டியவர்களுக்கு மெனுவில் ஓர் எழுத்துப் போட இடமில்லை. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். விருந்து கொடுப்பவர் அவர். அவருக்கு மகன் ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்துச் சொன்னான். பாதியில் அந்தப் பக்கம் தானாக அணைந்து, தேர்ந்தெடுத்ததெல்லாம் காணாமல் போனது. இப்படி இரண்டு தடவை. அம்மா கடைசியில், “நீங்களே பார்த்துச் சொல்லுங்கப்பா” என்று கைகட்டி உட்கார்ந்துவிட்டார். தன் விருந்திலேயே அவர் விருந்தாளியானது அந்த நேரத்தில்தான்.

அரை மணி நேரம் கழித்துச் சாப்பாட்டைக் கொண்டுவந்தது ஓர் இயந்திரம். நாலு தட்டு அடுக்கு, மேலே பூனை முகம். பாட்டுப் பாடிக்கொண்டே வந்து மேசைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அம்மா அதைப் பார்த்து, “வா கண்ணு, நீ பசியாறிட்டியா?” என்றார். பூனை ஆங்கிலத்தில், உணவை எடுத்துக்கொள்ளச் சொன்னது. வீட்டுக்காரரும் மகனும் எழுந்து நின்று, கொதிக்கும் குழம்புக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். கடைசிக் கிண்ணத்தை எடுத்ததும் பூனை திரும்பிப் போய்விட்டது. ரசம் வரவில்லை. மறுசோறு வேண்டுமென்றால் மறுபடியும் கைப்பேசியில் தட்ட வேண்டும், மறுபடியும் பூனை வரும்.

இலை என்று நீங்கள் சொன்னது, தகரத் தட்டில் விரித்த பச்சைக் காகிதம். எங்கள் கொல்லையில் பத்து வாழை நிற்கிறது, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரயிலில் கொண்டுவந்திருப்போம். சாப்பிட்டு முடித்ததும் அம்மா பழக்கத்தில் இலையைத் தன் பக்கம் மடித்தார். நல்ல காரியத்தில் இலையை நம் பக்கம்தான் மடிக்க வேண்டும், எதிர்ப்பக்கம் மடிப்பது துக்க வீட்டில். குழம்பில் ஊறியிருந்த காகிதம் நடுவில் கிழிந்து எல்லாம் புதுச் சேலையில் வழிந்தது. அப்போது ஓடிவந்து துடைத்துவிட்டவர் மேசை துடைக்கும் சின்னப் பெண். அம்மாவுக்கு வெந்நீரும் அவர்தான் கொண்டுவந்தார். அந்தக் கடையில் எங்களைப் பார்த்துப் பேசிய ஒரே ஆள். இந்தக் கடிதத்தைக் காட்டி யாரும் அந்தப் பெண்ணைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஆட்டுப் பிரட்டலும் நன்றாக இருந்தது. அதைச் சமைத்தவரையும் எதுவும் சொல்ல வேண்டாம்.

இனிதான் விஷயம்.

அம்மா எழுந்து, சேலைக் கறையை முந்தானையால் மறைத்துக்கொண்டு, சுருக்குப் பையோடு கல்லாவுக்குப் போனார். ஐந்து தாளையும் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். தோட்டத்தில் சம்பள நாளன்று கிராணி மேசையில் காசை எண்ணி வைப்பார், வாங்குகிறவர் திருப்பி எண்ணி எடுப்பார். அம்மாவுக்குக் காசு என்றால் அப்படித்தான் கை மாற வேண்டும். உங்கள் ஊழியர் தாளைத் தொடவில்லை. “காசு வாங்குவதில்லை, கார்டு அல்லது கியூஆர் மட்டும்” என்றார். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். பல்குத்தும் குச்சிக் கிண்ணத்தை நகர்த்தினார். பின்னால் ஒரு சின்ன அட்டை. அதுவும் ஆங்கிலத்தில். சாப்பிட்டு முடித்த பிறகுதான் அந்த அட்டைக்குப் பக்கத்தில் யாருமே வருவார்கள். வாசலில், 10 விழுக்காடு சேவைக் கட்டணம் உண்டு என்று பெரிய பலகை வைக்க இடமிருந்தது, இதற்கு இல்லை.

மேலாளர் வந்தார். இது நிறுவனத்தின் கொள்கை என்றார். அம்மாவுக்கு அந்த வார்த்தை புரியவில்லை. “தாள் கிழிஞ்சிருக்கா? வேற தாள் தரட்டுமா?” என்றுதான் கேட்டார். பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் வீட்டுக்காரர் தன் வங்கி அட்டையை நீட்டினார். அம்மா ஐந்து தாளையும் பொறுக்கி, மடித்து, பைக்குள் வைத்துக் கயிற்றை இழுத்துக் கட்டினார். திரும்பி வரும்போது ரயிலில் எந்த நிலையத்துக்கும் கதை வரவில்லை.

ஓட்ட ஆளில்லாத ரயிலின் இயந்திரம்கூட என் அம்மாவின் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கிக்கொண்டது. ஆள் நிற்கும் உங்கள் கல்லாவில் அது செல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ரசீதை விரித்தேன். சாப்பாடு, பிரட்டல், மீன், தோசை, தே தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்), அந்தப் பெண் கொண்டுவந்த வெந்நீர் இரண்டு கிளாஸ், எல்லாம் சேர்த்து 182 வெள்ளி 60 காசு. வெந்நீருக்கும் கிளாஸ் 1 வெள்ளி. சரி, இருக்கட்டும், சாப்பிட்டோம், குடித்தோம். சேவை வரி 6 விழுக்காடு, 10 வெள்ளி 96 காசு. அது அரசாங்கத்துக்குப் போவது, அதில் எனக்கு வழக்கு இல்லை. நடுவில் ஒரு வரி நிற்கிறது: சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, 18 வெள்ளி 26 காசு. மொத்தம் 211 வெள்ளி 82 காசு.

இந்த 18 வெள்ளி 26 காசு எதற்கு என்றுதான் கேட்கிறேன். ஆர்டர் எடுத்தது என் மகன். மெனுவை விளக்கியதும் அவன்தான். தட்டை இறக்கியது என் வீட்டுக்காரர். முறை சொல்லித் தந்தது பக்கத்து மேசைக்காரர். உங்கள் பூனை நடந்து வந்தது, அவ்வளவுதான். எங்கள் எடைப்பாலத்தில் காலி லாரியை நிறுத்திவிட்டுக் குலைக்குக் காசு கேட்டால் அடுத்த நாள் அந்த லாரிக்காரருக்கு வாசலே திறக்காது.

இதை நான் வேறு வழியிலும் கேட்கலாம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒரு நடுவர் மன்றம் இருக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை, மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைக் கேட்கும் மன்றத்துக்கு 18 வெள்ளியோடு போக எனக்கு வெட்கமில்லை. ஆனாலும் முதலில் உங்களிடமே கேட்பது முறை என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். காசு வாங்க மாட்டீர்கள் என்றால் அதை வாசலில், சேவைக் கட்டணப் பலகைக்குப் பக்கத்திலேயே, அதே அளவில், தமிழிலும் எழுதி வையுங்கள். காசைச் சுருக்குப் பையில் முடிந்து வருகிறவர்கள் வாசலோடு திரும்பி வேறு கடை பார்த்துக்கொள்வார்கள். கைப்பேசி தெரியாதவர்கள் வந்தால் ஆர்டர் எடுக்க ஓர் ஆளை அனுப்புங்கள். அந்த மேசை துடைக்கும் பெண்ணையே அனுப்பலாம், அவருக்கு அது நன்றாக வரும். விளம்பரத்தில் இருக்கும் பாட்டியின் படத்தை ஒன்று எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்தப் பாட்டியே உங்கள் கடைக்கு வந்தால் எப்படி ஆர்டர் செய்வார், எப்படிக் காசு கொடுப்பார் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ‘வாளை’யையும் திருத்திவிடுங்கள், என் மகள் வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்.

அப்புறம், சேவைக் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். என் வங்கிக் கணக்கில் போட வேண்டாம். அட்டையில் வரவு வைக்கவும் வேண்டாம். காசாக, ஓர் உறையில் வைத்து, என் அம்மாவின் கையில் சேரும்படி தாருங்கள். அவர் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்வார். காசாகக் கொடுத்தால் 5 காசுக்குக் குறைந்து கணக்கு இல்லை என்பது எனக்கும் தெரியும், அதனால் 18 வெள்ளி 25 காசு போதும். மிச்சம் 1 காசைப் பூனை வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
மேசை 14

இணைப்பு: ரசீது நகல், குழம்புக் கறை படிந்த சேலையின் படம்.