வேளாங்கண்ணிக்கு வேன்ல வர்றவங்கள திட்டறதுக்கு முன்னாடி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க,

போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் கடிதத்துல ஒருத்தரு எழுதியிருந்தாரு, வேளாங்கண்ணி திருவிழாவுக்கு வெளியூர்லருந்து வேன்ல வர்ற கூட்டம் கண்ட எடத்துல அடுப்பு மூட்டி சோறாக்கி குப்பையாக்கிப்போட்டு போறாங்க, அவங்கள ஊருக்குள்ளயே விடக்கூடாதுன்னு. படிச்சதுலருந்து மனசு ஆறலைங்க, அந்தக் கூட்டத்துல நாங்களும் ஒரு குடும்பம். குப்பைன்னு அவரு சொல்றது நெசந்தான், முன்னயெல்லாம் நாங்களும் எலைய அங்கயே போட்டுட்டு வந்தவங்கதான்.

நாங்க சோமனூர் பக்கம், தறி ஓட்டறவங்க. எங்களுக்கு கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோயில் கூப்பிடு தொலவுல இருக்குது, அங்க நோம்பி, அதான் திருவிழா, அக்டோபர்ல. ஆனா செப்டம்பர் வந்தா வேளாங்கண்ணி போகாம இருக்க முடியாது. 2020, 2021 ரெண்டு வருசமும் கொரோனான்னு யாரையும் விடல, டிவியில தேர் பாத்துக்கிட்டு மாமியா அழுதுச்சு. ஆகஸ்ட் 29 கொடியேத்தத்துக்கே போகோணும்னு அதுக்கு ஆசை, அத்தன நாளு தறி நின்னா கூலிக்கு எங்க போறது? அதனால 6ம் தேதி ராத்திரி பதினாலு பேரு ஒரே வேன்ல, பல்லடம் காங்கயம் கரூர் திருச்சி தஞ்சாவூர்னு விடிய விடிய ஓட்டிக்கிட்டு போவோம். பக்கத்தூட்டு அக்கா மாரியம்மனுக்கு பூவோடு, அதான் தீச்சட்டி, எடுக்கறவங்க, அவங்களும் தவறாம வருவாங்க.

ரூம் எடுக்கலாமேன்னு கேப்பீங்க, நோம்பி நாள்ல அவங்க சொல்ற ரேட்டுக்கு எங்கூட்டு ஒரு மாச மளிகை வாங்கிரலாமுங்க. தார்பாய ஒரு பக்கம் வேன் கேரியர்ல கட்டி மறுபக்கம் ரெண்டு மூங்கில் நடுவோம், கடல் மண்ணுல மூங்கில் நிக்காது, காத்துக்கு சாஞ்சு சாஞ்சு போகும், எங்கூட்டுக்காரரு சாக்குல மண்ண ரொப்பி அதுக்கு முட்டு குடுப்பாரு. அப்புறமேட்டு சின்ன வெங்காயம், பூண்டு, வரமொளகா தாளிச்சு அரிசிம்பருப்பு சோறு ஒரே குண்டாவுல. மூடிய சித்த நேரம் தொறந்து வெச்சா மண்ணு உழுந்துரும், கடிச்சா நறநறங்கும், எங்க பசங்க அதத்தான் வேளாங்கண்ணி சோறும்பாங்க. பக்கத்துல காவி கட்டிக்கிட்டு சென்னைலருந்து நடந்தே வந்தவங்க, காலெல்லாம் கொப்பளம், அவங்களுக்கும் ரெண்டு கரண்டி போட்டோம். மாமியா பெரிய கோயில்லருந்து மாதா குளம் வரைக்கும் மணல்ல முட்டி போட்டு போச்சு. 2004 சுனாமிக்கப்புறம் அது கடல் பக்கம் தல வெச்சு படுக்காது, அது ஒரு கத.

இந்த வருசம் நடந்ததுக்கு வர்றனுங்க. வேன் நிறுத்தற மைதானத்துல ரசீதுல போட்டது ஒரு தொகை, கையில வாங்குனது வேற தொகை. அது போகட்டும். அத்தன வேனுக்கு கக்கூசு நாலே நாலு, அதுல ரெண்டுல தண்ணியில்ல. பொம்பளைங்க இருட்டாகட்டும்னு காத்துக்கிட்டு இருந்தோம், தண்ணி குடிக்கறதையே கொறச்சுக்கிட்டோம். தேர் கெளம்பற நேரம் பாத்து எங்க பாப்பா தூரமாயிட்டா, வேனுக்குள்ள சேலைய திரையாட்ட கட்டி பேடு மாத்துனா. அந்தப் பேட எங்க போடறது? சுத்தி சுத்தி நடந்தேன், ஒரு தொட்டி கண்ணுல படல. கடைசீல எல்லா குப்பையவும் உரச்சாக்குல கட்டி வேன் மேல போட்டு ஊருக்கே கொண்டாந்தோம். எத்தன பேரு அப்படி செய்வாங்கன்னு எதிர்பாக்க முடியுமுங்க?

தைப்பூசத்துக்கு பழனிக்கு நடக்கறவங்களுக்கு நம்ம பக்கம் ரோட்டோரம் பந்தல் போட்டு மோரும் தண்ணியும் குடுக்கறாங்க, குப்பை உழுகுதுன்னு அவங்கள யாரும் வராதீங்கன்னு சொன்னதில்ல. கோயில் நிர்வாகமும் பேரூராட்சியும் கலெக்டரும் கூடி ஒக்காந்து வேன்காரங்களுக்குன்னு ஒரு எடம் ஒதுக்கி நடமாடும் கக்கூசு நெறைய வெச்சு, பொம்பளைங்களுக்கு தனியா, லைட்டு போட்டு, வரிசையா தொட்டியும் வெச்சு, பார்க்கிங் ரேட்ட பெரிய போர்டுல எழுதிப்போடட்டும். அதுக்கு மேலயும் குப்பை போட்டா அபராதம் போடுங்க, நாங்களே கட்டறோம்.

8ம் தேதி காலைல பூசை பாத்துப்போட்டு கெளம்பிட்டோம், சாயங்காலம் கொடி எறக்கறத இத்தன வருசத்துல ஒரு தடவ பாத்ததில்ல, 9ம் தேதி தறி ஓடோணுமே.

கடிதம் பெருசா போச்சுன்னா சோறு கதை, மாமியா கதையெல்லாம் வெட்டிருங்க. கக்கூசு, தொட்டி, ரேட்டு போர்டு, இந்த மூணையும் மட்டும் வெட்டாதீங்க ஐயா.

இப்படிக்கு,
தறி ஓட்டற ஒரு வாசகி, சோமனூர்